இரண்டுக்கு அடுத்த நாள் பதினான்கு

ஜோப் இறந்தது புதன்கிழமை, செப்டம்பர் இரண்டு.
மறுநாளே புதைத்தோம்.
மறுநாள் செப்டம்பர் பதினான்கு.

கோயில் பதிவேட்டைப் புரட்டுகிறவர்கள்
புருஷன் பிணத்தைப் பன்னிரண்டு நாள்
வீட்டில் வைத்திருந்தவள் என்று
என்னைப் பேசுவார்கள்.
ஒரே ஓர் இரவுதான் ஐயா.
கொழுப்பு மெழுகுவத்தி ஒன்றுகூட
முழுதாக எரியவில்லை.

சூரியனோடு கணக்கு பிசகிவிட்டதாம்.
ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டாம் வருஷத்தில்
லண்டன் துரைமார் கண்டுபிடித்தார்கள்.
பதினொரு நாளை வெட்டி எறிந்து
ஓரம் தைத்துவிட்டார்கள்.

கடலோடி ரூபன் ஸ்டைல்ஸ் சிரித்தான்.
"டோவரில் காலையில் பாய் விரித்து
மதியம் கலேயில் இறங்கினால்
எனக்குப் பதினொரு நாள் வயது கூடும்.
திரும்பி வந்தால் இளைத்துவிடுவேன்.
அங்கே வாத்து தின்று, எலும்பு எறிந்து,
பண்டிகையை மறந்தே போயிருப்பார்கள்,
இங்கே நீங்கள் அப்போதுதான்
அடுப்பு மூட்டுவீர்கள்.
இனிமேல் அந்த வேடிக்கை இல்லை."

எங்களுக்கு ஒன்றுதான் தெரியவேண்டும்.
கர்த்தர் பிறந்த நாள் எது?

சட்டத்தை நாங்கள் அவ்வளவாக நம்புவதில்லை.
நூறு வருஷம் முன்பு இதே லண்டன்
பண்டிகையே கூடாது என்றது.
அன்று கடை திறந்திருக்க வேண்டும்,
வேலைக்குப் போக வேண்டும்.
அப்போதும் இந்த ஊரில் யாரோ
கதவைச் சாத்திக்கொண்டு
பிளம் கஞ்சி கிண்டினார்கள்.
வாசனையைச் சாத்த முடியுமா?

ஆகவே முள்மரத்தைக் கேட்கப் போனோம்.
அரிமத்தியா ஊரான் யோசேப்பு
ஊன்றிய கோல் துளிர்த்த மரம்,
அதன் கிளையின் கிளையின் கிளை
எங்கள் ஊர் மேட்டில் நிற்கிறது என்பார்கள்.
பண்டிகைக்கு முந்தின நடுநிசியில்
பூக்க வேண்டும்.
பனிக்காலத்தில், வேறெதுவும் பூக்காதபோது.

புது டிசம்பர் இருபத்து நான்கு, ஞாயிறு ராத்திரி.
எத்தனை லாந்தர்!
பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள்.
ஒருவன் சூடான பீர் விற்றான்.
தச்சன் ஆம்புரோஸ் டில் ஏணி கொண்டுவந்தான்,
மரத்துக்கு மேலே ஏறி
கிளை கிளையாக விளக்கைப் பிடித்தான்,
நோயாளியின் நாக்கைப் பார்ப்பவன் போல.

பன்னிரண்டு மணி.
ஒருவரும் இருமவில்லை.

"முள்" என்றான் டில் மேலிருந்து.
இன்னும் கொஞ்சம் நேரம் கழித்து,
"முள்தான்."

மறுநாள் பாதிரியார்
காலி பெஞ்சுகளுக்குப் பிரசங்கம் செய்தார்.
நான் போயிருந்தேன், ஒப்புக்கொள்கிறேன்.
கால் குளிர்ந்தது, அதனால் கடைசிவரை நிற்கவில்லை.

பிறகு பழைய நாள் வந்தது. ஜனவரி நான்கின் ராத்திரி.
மறுபடி லாந்தர்கள் மேடேறின.
என்னைக் கூப்பிட்டார்கள்.
மரம் பூத்தால் அந்தப் பதினொரு நாளும்
எங்கோ இருக்கிறது என்று ஆகும்.
அப்படியானால் அதில் ஜோபும் இருப்பான்,
இறந்தும் புதைக்கப்படாமல்,
தேதி வருமென்று காத்துக்கொண்டு.
என்னால் அதைப் போய்ப் பார்க்க முடியவில்லை.

தொழுவத்துக்குப் போனேன்.
இந்த ராத்திரியில் மாடுகள்
முழங்காலிடும் என்று ஒரு சொல் உண்டு.
என் விளக்கைக் கண்டு சிவப்பி எழுந்தாள்.
மாடு எழும்போது
பின்கால்தான் முதலில்,
ஒரு கணம் முன்முழங்கால் மண்ணில் பதிய,
தலை தாழ நிற்கும்.
இருபது வருஷமாகத் தினமும் விடியலில்
நான் பார்த்திருக்கிறேன்.
ஜோப் இறந்த மறுநாள் காலையிலும்
இப்படித்தான் எழுந்தாள்.

மேட்டிலிருந்து கூச்சல் கேட்டது.
பூவைக் கண்டு எழுந்ததா,
பனியைப் பூவென்று எண்ணி எழுந்ததா,
இன்றுவரை ஊர் இரண்டு கட்சி.

கறவைக்கு இன்னும் நேரம் ஆகவில்லை.
இருந்தாலும் முக்காலியை இழுத்துப் போட்டேன்.
மடி சூடாக இருந்தது.