கிரயத் தொகை

பழைய லேப்டாப்பில் 'ப' செத்துப்போய் ஒரு மாதம்.
பத்திரத்தில் 'ப' இல்லாமல் என்ன எழுத?
பட்டா இல்லை, பாகம் இல்லை, பாத்தியதை இல்லை.
ஓங்கிக் குத்தினால் சில நாள் மூன்றாக விழும்.
பபபட்டா என்று போன ஒரு பக்கத்தைப் பார்த்து
சார்பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

அஷ்டமியன்று யாரும் கிரயம் முடிக்க வரமாட்டார்கள்.
ஒத்தக்கடையில் பஸ் ஏறினேன்,
பிழையாகிப்போன ஒரு தானப்பத்திர நகலோடு,
அதன் முதுகில் விலை குறித்துக்கொள்ள.

டவுன்ஹால் ரோட்டில் நாற்பத்துநாலு ஐந்நூறு.
மேலவெளி வீதி மாடிக்கடையில் நாற்பத்துமூன்று, பை இலவசம்.
பைபாஸ் ரோட்டுக் கண்ணாடிக் கடையில் குளிர் இலவசம்,
விலை நாற்பத்தேழு,
தவணைக்கு வட்டியே கிடையாதாம்,
பிராசஸிங் என்று ஏதோ ஒன்று மட்டும் உண்டாம்.
வட்டிக்கு வேறு பேர் வைப்பவர்களை
எனக்கு நிறையப் பேரைத் தெரியும்.

சிம்மக்கல் பக்கம் ஒரு பையன்
பதினெட்டாயிரத்துக்கு ஒன்றை நீட்டினான்.
ஒரே ஒருத்தர் கைதான் பட்டதாம்.
மூலப்பத்திரம் எங்கே என்று கேட்டேன், சிரித்தான்.
திருப்பினால் அடிப்பக்கத்தில்
ஊசியால் கீறிய பெயர்: விஜி.
அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில்: சாரி விஜி.
வில்லங்கம் போட்டுப் பார்க்காமல்
கோழிக்கூண்டுக்குக்கூட எழுதமாட்டேன் நான்.

கடைசியாக, ஒரு சந்துக்குள், ஜியாவுதீன் கடை.
கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினார்.
"பில்லோட நாப்பத்தொண்ணு முன்னூறுக்கா.
பில்லு வேணாம்னா முப்பத்தொம்பது."

அங்கேதான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

பத்தொன்பது வருடமாகக்
கைமாறும் தொகை ஒன்று,
நான் தட்டும் தொகை ஒன்று.
சென்ட் நாலு லட்சத்துக்குப் போன இடத்தை
வழிகாட்டி மதிப்புக்கு மேல் ஒரு பைசா ஏற்றாமல்
'மேற்படி தொகையை இன்று ரொக்கமாகப் பெற்றுக்கொண்டபடியால்'
என்று நிமிராமல் தட்டுவேன்.
மீதி வேப்பமரத்தடியில் மஞ்சப்பைக்குள் எண்ணப்படும்.
அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக வரும்.
எச்சில் தொட்ட விரல், சரக் சரக்.

"பில்லு போடுங்க" என்றேன்.
ஏன் என்று கேட்டால் வாரண்டிக்கு என்பேன்.

"பேருக்கா?"
சோ. பாண்டீஸ்வரி, ஆவண எழுத்தர்.
"அட்ரஸ்?"
பழக்கதோஷத்தில் நான்கெல்லை சொல்லிவிட்டேன்,
வடக்கே ஆனைமலை,
தெற்கே ஜெராக்ஸ் கடை.
பையன் அதையும் அப்படியே எழுதிக்கொண்டிருந்தான்.

பழசை எடுத்துக்கொண்டு எண்ணூறு கழிப்பதாகச் சொன்னார்.
"'ப' விழாதுங்க" என்றேன்.
"அப்ப ஐந்நூறு."
உண்மைக்கு முந்நூறு பிடித்தம்.
கொடுக்கவில்லை. பாதி ஒத்தக்கடை
அதற்குள்தான் படுத்திருக்கிறது.

மாட்டுத்தாவணி தாண்டுமுன் போன் அடித்தது.
மேலவெளி வீதிக்காரர்.
"மேடம், நாப்பதுக்கு முடிச்சிரலாம், பில்லோட."
சிக்னல் இல்லாதவள்போல்
அலோ அலோ என்று வைத்துவிட்டேன்.
முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் எதிர்மேசைத் தவசிலிங்கம்
அட்டைப்பெட்டியைத் தடவியபடி கேட்டார்,
"என்ன ரேட்டுக்கு முடிஞ்சது?"

"முப்பத்தெட்டு."

நாக்கு தயங்கவே இல்லை.
கைப்பைக்குள் பில் நாலாக மடிந்து கிடந்தது.
புது விசையில் 'ப' அழுத்திப் பார்த்தேன்.
ஒன்று தட்டினால் ஒன்றே விழுகிறது.

"அட, அதே கடையில
எனக்கும் ஒண்ணு எடுத்துக் குடுத்துரு தாயி"
என்று தவசிலிங்கம்
மேசை டிராயரை இழுத்து
விரலை எச்சில் தொட்டு
எண்ண ஆரம்பித்துவிட்டார்.