பங்கர் வெட்டின வழக்கு

குற்றப்பத்திரத்தில் இருந்தது இவ்வளவுதான்:
ஒட்டுசுட்டானில், இரவு பதினொரு மணியளவில்,
பிரதேச சபைக்குச் சொந்தமான கிரவல் வீதியை
அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு
நாலடி ஆழத்துக்குச் சேதப்படுத்தியமை.

'ட' போல வளைத்து வெட்டியிருந்ததைப்
பொலிஸ் எழுதவில்லை.
எழுதியிருந்தால் வன்னியில் எவருக்கும்
மிச்சம் சொல்லத் தேவையில்லை.

முதல்தரம் பிடிபட்டபோது
வவுனியாவில் பதினாலு நாள் விளக்கமறியல்.
அங்கேயும் தோண்டியிருக்கிறார்.
சீமெந்து நிலம்.
இரண்டு நகம் இல்லாமல் திரும்பி வந்தார்
குலவீரசிங்கம்.
மருந்து குடிக்கிறனீரோ என்று
உள்ளே ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாம்தரம் நாங்கள் இருந்தோம்.
நாங்கள் என்றால்
நீளமான பெயருள்ள ஒரு திட்டம்,
மாங்குளம் ஆஸ்பத்திரியில் ஆறு கட்டில்,
கிழமைக்கு ஒருநாள் வரும் டொக்டர்,
ஒரு மோட்டார்சைக்கிள்,
நான்.
மறியலுக்குப் போகிற வண்டியை மறித்து
ஆளை இந்தப் பக்கம் இறக்குவதுதான் வேலை.

மாதம் ஓர் ஊசி. பெற்றோலுக்குப் பற்றுச்சீட்டு.
ஒருமுறை, கச்சான் நூறு ரூபா என்று போட்டிருந்தேன்.
இது என்ன செலவு என்று கொழும்பிலிருந்து கேட்டார்கள்.
ஊசி ஏற்றும்வரை கையில் ஏதாவது இருக்கவேணும்,
இல்லாவிட்டால் அந்தக் கை மண்ணைத் தேடும்
என்று எழுதினேன்.
நூறு ரூபாயை வெட்டிவிட்டார்கள்.

ஆவணியில் மருந்து வர ஒன்பது நாள் பிந்தியது.
விடிய நான் போய்ச் சேர
அதே வீதி, அதே வளைவு,
உள்ளே அவர் சாணால் அளந்துகொண்டு.
"இறங்கு பிள்ளை."
இறங்கினேன்.
ஏழு பேருக்கு அளவு.
ஆர் ஆர் எங்கெங்கே என்று தொட்டுக் காட்டினார்,
வாசலோரம் தான் என்றார்.
"நீ எட்டாவது. கொஞ்சம் ஒடுங்கி இரு."
வீட்டில் இருப்பது அவரும்
மனுசி அன்னபூரணமும் மட்டும்.
ஒடுங்கி இருந்தேன்.
மண் குளிர்ந்திருந்தது.
பொலிஸ் ஜீப் வரும்வரை
அது நல்ல இடமாகத்தான் இருந்தது.

நேற்று முல்லைத்தீவில் வழக்கு.
போன மாதம் முப்பதோடு நிதி முடிந்துவிட்டது.
கடிதம் நல்ல தாளில் வந்தது:
உங்கள் சேவையை மெச்சுகிறோம்,
எமது முன்னுரிமைகள் மாறியுள்ளன.
மோட்டார்சைக்கிளைக் கழுவி ஒப்படைத்தேன்,
திறப்பு இரண்டுக்கும் கையொப்பம் வாங்கினார்கள்.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார்.
"மிஸ், அந்தத் திட்டம்
இப்பவும் இருக்குதுதானே?"

மின்விசிறி ஒருபக்கம் தட்டித் தட்டிச் சுற்றியது.
கூண்டில் நின்ற குலவீரசிங்கம்
காலடிப் பலகையைப் பெருவிரலால்
அமத்திப் பார்த்தபடி,
எங்கே இளக்கம் என்று.
சிறைச்சாலை பஸ் வெளியே
எஞ்சினை நிறுத்தாமல் நின்றது.

"இருக்குது, சேர்."

குழியை அவரே மூடவேணும்,
மாதாமாதம் ஊசி,
என்னிடமிருந்து ஓர் அறிக்கை.
அடுத்த தவணை தை பதினெட்டு.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவரை இருத்தினேன்.
கச்சான் வாங்கிக் கையில் வைத்தேன்,
இதற்குப் பற்றுச்சீட்டு இல்லை.
தண்ணீரூற்று தாண்டும்வரை பேசவில்லை.
பிறகு, எனக்கு மட்டும் கேட்க,
"மூடினால் ஆக்கள் எங்கை பிள்ளை இருக்கிறது?"

ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம், போகவர,
இரண்டு டிக்கெட், தை வரைக்கும்
என்று பெருக்கிக்கொண்டிருந்தேன்.
கணக்கு நடுவில் விட்டுப்போயிற்று.
முதலிலிருந்து தொடங்கினேன்.