நூற்றிருபது பைட்

பாக்கெட் என்றால் எங்கள் தெருவில் ஆவின் பால்.
இரண்டு நாளாக அதுவும் வரவில்லை.
நான் சொல்வது வேறு பாக்கெட்.
தலையில் ஒரு விலாசம், உள்ளே பூட்டிய சேதி,
பாலைப் போலவே இதற்கும் காலாவதி உண்டு.
நாள் கணக்கில்லை, நொடிக் கணக்கு.

வேளச்சேரியில் இடுப்பளவு தண்ணீர்.
டவர்கள் எல்லாம் வாயடைத்துப்போக
மொட்டைமாடிக்கு மொட்டைமாடி
ஒன்பது போன்கள் கைகோத்து நிற்கின்றன.
கடைசிப் போன் ஹாஜிராவுடையது.
பறக்கும் ரயில் நிலையத்துப் படியில்
அவளுக்கு மட்டும் ஒரு கோடு சிக்னல்.
நடுவில், தண்ணீர்த் தொட்டிமேல், குடைக்குள் நான்.
பேட்டரி முப்பத்தெட்டு.

நிரல் என்னுடையதுதான்.
தரமணியில், ஏசி குளிரில் எழுதியது:
தூரத்திலிருந்து வந்தது முன்னால்,
இங்கேயே பிறந்தது பின்னால்.
வரைபடத்தில் சராசரித் தாமதம் சரசரவென்று இறங்கியது.
கைதட்டினார்கள்.

இரண்டு போன் ஒரே நொடியில் பேசினால் இரண்டும் பாழ்.
அதனால் ஒவ்வொன்றும் மனசுக்குள் ஓர் எண்ணை நினைத்து
அது தீரும்வரை வாய்மூடி நிற்கும்.
கத்திப்பாராவில் எவரும் கற்றுக்கொள்ளாதது.

எதிர்மாடி ஜோதிலிங்கம்
நனைந்த சோபாவை எட்டுக் கோணத்தில் எடுத்து
காப்பீட்டுக்கு அனுப்புவதாகக் கத்திச் சொல்கிறார்.
தண்ணி லாரி சந்தில் நுழைந்த மாதிரி.
துண்டு துண்டாக்கி இடையிடையே விடுகிறேன்.

மற்றவை சின்னச் சின்னது.
நூற்றிருபது பைட்.
‘இன்சுலின் இருக்கா’ என்றிருக்கலாம்.
சும்மா ஒரு ‘ம்’ என்றும் இருக்கலாம்.
எனக்குத் தெரிவது எடை மட்டும்.

வரிசையின் வாலில் என்னுடையது:
‘பெனிட்டா, நான் சரி. முடிச்சூர்ல எப்படி?’
நான்கு முறை காலாவதியானது.
நான்கு முறையும் அதையே தட்டினேன்.

பேட்டரி ஆறு.
ஒரு வரியை மாற்றினால் போதும்.
மாற்றினேன்.

என்னுடையது போனது, மோதியது, திரும்பியது.
ஏழு முறை.
எட்டாவதில் ஹாஜிரா வரை சேர்ந்தது.

அதற்குள் பின்னால் நின்றிருந்த ஒன்று
தானாக அழிந்துவிட்டது.
ராம் நகர் முதல் தெரு. ஐந்து மாடி தாண்டி வந்தது.
அளவு: நூற்றிருபது.

திரை அணைவதற்குள் பழைய வரியைத் திரும்ப எழுதினேன்.

‘ம்’ஆக இருந்திருக்கட்டும்.