குட்டி ஜன்னல்

கோட்லஸில் அக்டோபர் இருபது தாண்டினால்
வானத்தை யாரும் நம்புவதில்லை.
கடைசிப் படகையும் கரையேற்றிக்
கவிழ்த்துப் போட்டுவிட்டார்கள்.
நானும் மாவைக் கரைத்து அடுப்பில் வைத்தேன்.

கஞ்சி காய்ச்சுவது போலத்தான் பசையும்.
கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும்.
உப்பு பார்த்துச் சொல்ல ஆள் தேவையில்லை,
அவ்வளவுதான்.

காகிதத்துக்குப் பஞ்சமில்லை:
மரக்கிடங்கில் கணக்கெழுதிய காலத்துப்
பேரேடுகள் இரண்டு பரணில் கிடந்தன.
இரு விரல் அகலத்துக்குக் கிழித்தேன்.
பைன், மூன்றாம் தரம், நாற்பது கன மீட்டர்
என்று ஒரு பட்டை.
வரவேண்டிய பாக்கி
என்று இன்னொன்று.
அதைச் சமையலறை ஜன்னலில்,
எழுத்து உள்பக்கம் தெரியும்படி ஒட்டினேன்.
வேண்டுமென்று இல்லை. கைக்கு வந்தது அது.

இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே
போன வருஷத்துப் பஞ்சு,
பூனை படுத்து எழுந்த நிறத்தில்.
அதன்மேல் ஏழு ரியாபினாப் பழங்கள்,
சிவப்பெல்லாம் போய் மிளகாகச் சுருண்டவை.
ஒரு குளவி.
அப்புறம், தீப்பெட்டி அளவு இடுக்கில்,
மடித்துச் செருகிய வடிகட்டி நுனி ஒன்று,
பல் பதிந்தது.

ஜன்னலுக்குள் ஒரு ஜன்னல் உண்டு எங்கள் வீடுகளில்.
கைக்குட்டை அகலம். ஃபோர்த்தச்கா.
காற்றுக்கு என்று கட்டியவன் சொல்லியிருப்பான்.
வெனியமினுக்கு அது புகைக்கு.
முப்பத்தோரு குளிர்காலம்
நான் ஒட்ட ஒட்ட
அவன் நகத்தால் ஓரத்தைக் கீறுவான்,
முதலில் ஒரு மூலை, பிறகு ஒரு பக்கம்.
டிசம்பருக்குள் கதவு திறந்துகொள்ளும்.
மேஜையில் வைத்த தேநீர்
மூன்றாவது மிடறிலேயே ஆறிவிடும்.
"தெருவுக்கா கணப்புப் போடுகிறாய்?" என்பேன்.
"தெருவும் பாவம்தானே" என்பான்.

ஏப்ரலில், ஆற்றில் பனிப்பாளம் உடைந்த வாரம்,
இரண்டு பெட்டியோடு முற்றத்தைக் கடந்து
எதிர்க் கட்டடத்துக்குப் போனான்.
இரண்டாம் வாசல், மூன்றாம் மாடி, ரிம்மா வீடு.
நூற்றுப் பத்து எட்டு இருக்கும்.
எண்ணிப் பார்க்கவில்லை,
கணக்கெழுதிய கண்ணுக்குத் தெரியும்.

நேற்றுக் கடையில் அவள்.
பஞ்சுப் பொட்டலங்களின் முன்னால் நின்றாள்.
திரும்பிப் போயிருக்கலாம்; போகவில்லை.
"ஒரு ஜன்னலுக்கு எத்தனை பிடிக்கும்?" என்றாள்,
வேறு எதையும் கேட்க முடியாதவள் போல.
"இரண்டு" என்றேன்.
ரொட்டி அடுக்கு வரை போய்த்
திரும்பி வந்தேன்.
"மூன்று வாங்கு. குட்டி ஜன்னலுக்குத் தனியாக ஒன்று.
அது நிற்காது. ஆனாலும் வாங்கு."
அவள் காது சிவந்தது.
வெளிக்குளிரில் இருந்து வந்தவளுக்கு
அது சிவக்கத்தான் செய்யும்.

இன்று எல்லாம் முடிந்தது.
புதுப் பஞ்சு, புதுப் பழம்.
குட்டி ஜன்னலின் நான்கு பக்கமும்
இரட்டைப் பட்டை.
கணப்புக் குழாய்கள் முனகத் தொடங்கிவிட்டன.
இருபத்தைந்து டிகிரி காட்டுகிறது சுவர்.
இந்த வீட்டில் அந்த எண்ணை நான் பார்த்ததில்லை.
காலுறையைக் கழற்றினேன், பிறகு கம்பளிச் சட்டையை.
தேநீர் கடைசி மிடறு வரை சூடாக இருந்தது.
நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

தூக்கம் வரவில்லை.
போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டு
இருட்டில் சமையலறையில் நின்றேன்.
எதிரே, மூன்றாம் மாடியில்,
கைக்குட்டை அளவு இருள் திறந்தது.
ஒரு பொறி. கொஞ்சம் புகை.
அந்த வீட்டு வெப்பமெல்லாம்
அதன் வழியே தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது.

ரிம்மா, இன்னொரு போர்வை எடுத்துக்கொள்.

வாய் வரை வந்துவிட்டது பழைய கேள்வி.
இரண்டு கண்ணாடி, நடுவே பஞ்சு,
சுற்றிலும் பாக்கிக் கணக்கு.
கத்தினாலும் முற்றத்தைத் தாண்டாது.
ஒரு மூலையில் மட்டும் காகிதம்
லேசாக எழும்பியிருந்தது.
பசை இன்னும் காயவில்லை.
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு
அந்தப் பொறி அணையும் வரை
நின்றேன்.