அரைப்பேர்

பேராதனை ஆய்வுகூடத்தில்
எலியின் பின்னங்காலை நீரில் தோய்த்து
ஏறிய மட்டத்தைக் குறிப்பது என் வேலை.
ஊசி போட்ட பாதம்
மூன்றாம் மணிக்குக் கத்தரிப் பிஞ்சாய் உப்பும்.
நொச்சிச் சாறு குடித்த எலிக்கு
அவ்வளவு இல்லை.
அந்த 'அவ்வளவு இல்லை'யைத்தான்
நூற்றுக்கு இத்தனை என்று எழுதுகிறோம்.

சனி இரவு, பொகவந்தலாவை பஸ்.
லயத்தின் கடைசிக் காம்பரா.
கோகிலக்கா வலது கையை
வாளிக்குள் விட்டு உட்கார்ந்திருக்கிறாள்.
பீலிக்கரையில் ஒடித்த நொச்சி, கல்லுப்பு,
ஆவி அடங்காத தண்ணீர்.
வளையல் மூன்றும் மணிக்கட்டுச் சதையில் புதைந்து.

'எத்தன எல போட்ட?'
'கைக்கு வந்தத போட்டேன்.
கொழுந்தா என்ன, நிறுத்துப் பார்க்க?'

வாளியில் நீர் ஏறி நிற்கும் கோட்டை
என் கண் தானாக அளக்கிறது.

ஞாயிறு பின்னேரம்
சோப்பில்லாமல் ஒரு வளையல் கழன்றது.
'பாத்தியா, நொச்சி!' என்றேன்.
'இன்னைக்கு மல ஏறலயே தம்பி.'

நொச்சியா, ஞாயிறா?
பிரித்தறிய
இன்னொரு அக்கா வேண்டும்,
இதே வீக்கத்தோடு,
இலை போடாத ஞாயிறோடு.
அடுத்த காம்பராவில் இருக்கிறாள்.
அதற்கடுத்ததிலும்.

திங்கள், பிரட்டு மணி.
பதினெட்டுக் கிலோ.
ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர்.
கழன்ற வளையலைத் திரும்பப் போடாமல்
சுவாமிப் படத்து ஆணியில் மாட்டிவிட்டு
கூடைக் கயிற்றை நெற்றியில் ஏற்றுகிறாள்.

பஸ்ஸில், கினிகத்தேனை வளைவில்,
குறிப்பேட்டைத் திறந்தேன்.
என் எலிகளுக்கு
ஒரே ஒரு தடவைதான் ஊசி.