காஜா

தேவராஜ முதலி தெருவில்
பொத்தான் மட்டும் விற்கிற கடைக்கு
ஒரு பொத்தான் வைத்துத் தரச் சொன்னார்கள்.
'வாங்கு' என்று எழுதியிருக்கணும்,
அமுக்கினால் காசு வரணும்,
அவ்வளவுதான் சார், என்றார் இனாயத்துல்லா.

அவ்வளவுதான் இல்லை.

தளம் ஏற்கெனவே இருந்தது.
ஆறு வருஷமாக,
கணக்கெழுதும் ஹெலன் சகாயம்
சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்ததற்கும்
மூன்று மணி பார்சல் வண்டிக்கும் நடுவில்
பொத்தானுக்கு ஒரு பத்தி என்று எழுதி வந்திருக்கிறார்.

'நாலு துளை, சாம்பல் நிறம்.
பள்ளிக்கூடச் சட்டைக்குப் போதும்.
இஸ்திரிப் பெட்டி நேரே படக் கூடாது,
முகம் சுளிக்கும்.'

'தேங்காய்ச் சிரட்டை. ஒன்றுபோல் ஒன்று இராது.
ஒரே மாதிரி வேண்டுமென்பவர்கள்
பிளாஸ்டிக் பக்கம் போகலாம்.
எங்களுக்குக் கோபமில்லை.'

இப்படி ஆயிரத்து நூற்று நாற்பது.

நான் மாத வாடகைக்குப் பிடித்து வந்த கடை மென்பொருள்
பத்தி எதுவும் கேட்கவில்லை.
விலை என்ன, எடை என்ன,
இருப்பு எத்தனை, படம் சதுரமா.
சிரட்டைப் பொத்தானுக்கு அது வைத்த பெயர்
சி-பதினெட்டு-நாலு.

பெரம்பூர் மாடியறையில் பதினோரு நாள்
இந்தப் பெயருக்கு அந்த எண்ணைத் தேடித் தேடிக்
காஜா எடுத்தேன்.
ஒரு நூல் கூடினால் பொத்தான் நழுவும்,
ஒரு நூல் குறைந்தால் துணி கிழியும் என்பார்கள்.
எனக்கு நூலுக்குப் பதில் காற்புள்ளி.

வெள்ளி இரவு ஒன்றே கால்.
சும்மா ஓர் ஆர்டர் போட்டுப் பார்த்தேன்,
பட்டியலில் மேலே எது கிடந்ததோ அதை,
காசு கழியாமல்,
பக்கத்தைப் படிக்காமல்.
போனது.
அப்புறம் இரண்டையும்
பேசிக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

பேசின.
கடை சொன்னது: என்னிடம் விளக்கம் காலி.
தளம் சொன்னது: சரி, காலி.
ஆயிரத்து நூற்று நாற்பத்தோரு முறை
சரி, காலி.

பச்சை எழுத்தில் வந்தது
ஒத்திசைவு வெற்றி என்று.

வியாசர்பாடி ஜீவா பக்கம்
ஒரு கூட்ஸ் வண்டி நின்று, யோசித்து, நகர்ந்தது.

காப்புப் பிரதி இருந்தது, செவ்வாய்க்கிழமை வரைக்கும்.
விடிவதற்குள் எல்லாம் வந்து சேர்ந்தன,
புதன்கிழமை எழுதிய ஒன்றைத் தவிர.

போன் செய்தேன்.
'சிப்பிப் பொத்தான்' என்றார் ஹெலன்.
பின்னால் கால்குலேட்டர் தட்டும் சத்தம்,
அது நின்றது.
'அது கொஞ்சம் நல்லாவே வந்திருந்தது.'

மன்னிப்புக் கேட்டேன்.
எழுதிக்கிறீங்களா, என்று சொல்லத் தொடங்கினார்.
சிப்பி. தொட்டால் சில்லென்று...
'இல்ல சார். அது அப்படி ஆரம்பிக்கல.'

இன்னும் ஆரம்பிக்கவில்லை.
அந்தப் பக்கத்தில் விலை இருக்கிறது,
எடை இரண்டு கிராம்,
கீழே வெள்ளை.
வாங்கு பொத்தான் நன்றாக வேலை செய்கிறது.

அடுத்த புதன்,
கூரியர் பையன் படிக்கட்டில் நின்று கத்தினான்:
'சோதனை சோதனைன்னு யாருங்க?'

நான்தான் என்று கையெழுத்துப் போட்டேன்.

உள்ளே பஞ்சில் பொதிந்து
ஒற்றைச் சிப்பிப் பொத்தான்.
ரசீதைத் திருப்பினால் நீல மையில்,
சாய்ந்த கையெழுத்தில்:
'ஒரே ஒன்று கேட்டவர் நீங்கள் மட்டும்தான்.
சட்டை என்ன நிறம்?'

கொடியில் கிடந்ததை, பீரோவில் இருப்பதை,
போட்டிருப்பதைக்கூடப் பார்த்துவிட்டேன்.
எதிலும் ஒரு பொத்தானும் விழவில்லை.
என்ன நிறம் என்று எழுதுவது?