கோசொங்

ஞாயிறு காலை ஏழேகால்.
பிறை தொழிற்பேட்டையின் பின்சாலையில்
டயர் கடைக்கும் கால்வாய்க்கும் நடுவே
காரை நிறுத்துகிறாள் சியூ யென்.
வேலியில் ஏற்கெனவே ஒரு கிழிசல்.
கம்பி முனை குத்தாமல் இருக்க
யாரோ தலையணை உறை சுற்றியிருந்தார்கள்.
பார்த்தேன்.
பார்த்ததோடு சரி.

காவலர் அறையில் வருகைப் பதிவேடு.
கடைசிப் பெயருக்குக் கீழே
கரையான் வந்து பதிந்திருக்கிறது,
புறப்பட்ட நேரம் போடாமல்.

சியூ யென்னுக்குத் துரு பிடிக்கும்,
இரும்புக்குப் பிடிப்பதைவிட அதிகமாக.
முட்டி போட்டுப் படமெடுப்பாள்.
எனக்குச் சத்தம் போதும்.
மின்தூக்கிக் குழியில் ஒரு சொட்டு விழுந்து
மறுபடி விழுவது.
கூரைத் தகடு காற்றோடு பேரம் பேசுவது.
பக்கத்துக் கட்டடத்து மாடியில் ஒலிபெருக்கி,
கூடு கட்ட வரச்சொல்லி
இல்லாத உழவாரக் குருவிகளின் குரலில்
இருக்கிற குருவிகளைக் கூப்பிடுவது.
எல்லாவற்றையும் பதிந்துகொள்வேன்.

கணினித் தட்டு செய்த கம்பெனி இது.
தூசி நுழையாத அறைக்குத் தூசியில் நடந்து போனோம்.
கதவில் நான்கு மொழியில் எச்சரிக்கை.
தமிழை மட்டும் யாரோ தப்பாக அடித்திருக்கிறார்கள்:
'உள்ளே வருமுன் உங்கள் தலைமுறையை
முழுவதும் மூடவும்.'
சிரித்தேன்.
ஏன் என்றாள் சியூ யென்.
முடிக்கும் முறைக்கும் நடுவிலிருந்ததை
மலாயில் சொல்லப் பார்த்தேன்,
அங்கே சிரிப்பு இல்லை.

அப்போதுதான் வெங்காயம் வதங்கும் வாசம்.

கதவோரம் ஒரு ஜோடி சிலிப்பர்,
மூக்கு வாசலைப் பார்த்தபடி.
என்ன தோன்றியதோ
நாங்களும் காலணியைக் கழற்றினோம்,
கண்ணாடித் துண்டுகள் கிடக்கிற தரையில்.
காற்றால் தூசி ஊதும் கூண்டுக்குள்
இரண்டு சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

பிமல். நேப்பாளம், ஏதோ ஒரு மலைப்பக்கம்.
இரண்டு சாலை தள்ளிக் கையுறைக் கம்பெனி.
ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி இல்லை.
முதலாளியின் மேசை இல்லை.
மேசை இழுப்பறையிலிருந்த இவர் பாஸ்போர்ட்டும்.

"கிலாங் கோசொங்," என்றார்,
"காஜி கோசொங்."

ஆலை காலி, சம்பளம் காலி.
எங்கள் ஊரில்
தேநீருக்குச் சீனி வேண்டாம் என்றாலும் கோசொங்,
தொலைபேசி எண்ணில் பூஜ்ஜியம் வந்தாலும் கோசொங்.
ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்கிறேன்.
அதற்கு இவ்வளவு எடை இருந்தது தெரியாது.

சியூ யென் கேமரா மூடியைப் போட்டாள்.
கிளிக் என்று கேட்டது.
அவருக்கும் கேட்டிருக்கும்.

பிறகு அவர்தான் எங்களுக்கு வழிகாட்டி.
கிழக்குப் படி வேண்டாம், உளுத்துவிட்டது.
இந்தக் குழாயில் மழைத்தண்ணீர்.
உடும்பு ஒன்று உண்டு, பயந்த சுபாவம்.
கொதிகலன் அறைக் கூரை ஓட்டையில்
ஒன்பது மணிக்கு வெயில் இறங்கும்,
துணி உலர்த்த நல்ல இடம்.
நீங்கள் எதற்கு இங்கே வருகிறீர்கள் என்று கேட்டார்.
"அழகாக இருக்கிறது," என்றாள் சியூ யென்.
அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார்,
மரியாதைக்காக, வெகுநேரம்.

தேநீர் தந்தார். பால் இல்லை.
சீனியும்.
போனுக்கு மின்சாரம் கிடைக்குமா என்று
முதல் முறையாகக் கூச்சத்தோடு கேட்டார்.
பவர்பேங்க் அங்கேயே நின்றுவிட்டது.
மறந்துவிட்டேன் என்கிறாள் அவள்.
இல்லை.

வீட்டில் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்கிறேன்.
கருவியை நிறுத்தாமலே பேசியிருக்கிறேன்.
நாற்பத்திரண்டாவது நிமிடம்:
டம்ளரில் கரண்டி.
டிங் டிங் டிங்.
கரைக்க ஒன்றுமில்லாத தேநீரைக்
கலக்கிக்கொண்டே இருக்கிறார்,
விருந்தாளிக்கு அப்படித்தான் தர வேண்டும் என்பதுபோல.

'இடத்தின் பெயர்' என்று கேட்டு
மினுக்குகிறது கட்டம்.
கைவிடப்பட்டது என்று
போன வாரம் வரை தயங்காமல் போட்டிருப்பேன்.
தலையணை உறை பூப்போட்டது, நீல நிறம்.
இப்போதுதான் நினைவு வருகிறது.